சி.ஐ.டி. அண்ணாச்சியின் பாதி மலை

திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் நெல்லையப்பன் என்று கேட்டால் சிலருக்குத் தெரியாமல் போகலாம். சி.ஐ.டி. அண்ணாச்சி என்று கேட்டால் சுமை தூக்குகிறவர்கள் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் கை காட்டுவார்கள். மளிகை மொத்தக்கடை ஒன்றின் சரக்குக் கிட்டங்கி அவர் பொறுப்பில் இருந்தது. வற்றலும் பருப்பும் மல்லியும் லாரியில் வந்து இறங்கும்போது, டிரைவர் எந்த மூட்டையைக் காட்டுகிறானோ அந்த மூட்டையை அவர் தொடமாட்டார். அடியில் கிடக்கிற ஒன்றை இழுக்கச் சொல்லி, மாதிரி எடுக்கும் குழாய் ஊசியைக் குத்தி எடுத்து, உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்ப்பார். எடை கூடுவதற்காக வற்றலில் தண்ணீர் தெளித்திருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். "நான் அப்பமே நெனச்சேன்" என்பார். அவர் யாரையும் நம்பாததால்தான் முதலாளி அவரை நம்பினார்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். வந்து இறங்கிய அன்றே கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன், "பெட்டிய நான் பாத்துக்கிடுதேன் தம்பி, போயி டீ குடிச்சிட்டு வா" என்றானாம். திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை. தன் சந்தேக புத்திக்கு அதுதான் காரணம் என்று அண்ணாச்சி சொல்லுவார். அவர் மனைவி பார்வதியம்மாள் இதை ஒத்துக்கொள்வதில்லை. "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் காபி கொண்டு வந்து குடுத்திட்டு உள்ள போனேன். இவுக, இன்னொரு வாட்டி நடந்து வரச் சொல்லுங்கன்னாக. கால் நொண்டியோன்னு சந்தேகமாம்" என்பார்.

கரமனையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பார்வதியம்மாள் மாவு அரைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து வந்தார். ஒரே மகள் அனுஷாவுக்குக் கல்யாணமாகி பெங்களூரில் வேலை. மற்றபடி சொல்லும்படியாக எதுவும் இல்லாத குடும்பம். அந்தப் பங்குனி மாதம்வரை அப்படித்தான் அண்ணாச்சி நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் கோயில். ஒருநாளும் இல்லாத வழக்கமாக, பார்வதியம்மாள் விடிவதற்கு முன்பே எழுந்து கோயிலுக்குப் போகத் தொடங்கினார். திரும்பி வரும்போது முகம் சிவந்து, ரவிக்கை வியர்வையில் நனைந்திருக்கும். நெற்றியில் புதிய திருநீறோ சந்தனமோ இருக்காது. ஒருநாள் அண்ணாச்சி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இன்னைக்கு அம்மனுக்கு என்ன அலங்காரம்?"

"சந்தனக்காப்பு."

கடைக்குப் போகிற வழியில் கோயில் வாசலில் பூ விற்கிறவளிடம் விசாரித்தார். சந்தனக்காப்பெல்லாம் ஒன்றுமில்லை, அம்மன் சாதாரணமாக ஒரு சிவப்புப் பட்டு கட்டியிருந்தாள்.

அடுத்தது ஷூ. அடுப்படியில் காலி சிலிண்டரை நகர்த்தியபோது, பின்னால் ஒரு துணிப்பைக்குள் நீல நிற ஷூ ஒரு ஜோடி இருந்தது. விளையாட்டுக்காரர்கள் போடுகிற மாதிரி கனமான அடிப்பாகம். அண்ணாச்சி தன் காலை வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. மனைவியின் செருப்பை எடுத்து வந்து அளந்தார். ஷூ பெரிதாக இருந்தது. இரண்டு பேருக்கும் சேராத ஷூ அந்த வீட்டில் எதற்கு? அதை இருந்தபடியே வைத்துவிட்டுக் கைகழுவினார். அன்று கிட்டங்கியில் உளுந்து மூட்டையை எண்ணும்போது இரண்டு தடவை கணக்கு விட்டுப்போனது. சுமை தூக்குகிற தாசையன், "அண்ணாச்சிக்கு சுகமில்லியா?" என்று கேட்டார். அண்ணாச்சி அவரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒருநாள் விடியற்காலையில் பின்தொடர்ந்தார். பார்வதியம்மாள் கோயில் தெருவில் திரும்பாமல் நேரே ஆற்றுப்பாலத்துப் பக்கம் நடந்தார். அங்கே ஒரு ஸ்கூட்டர் காத்திருந்தது. ஓட்டுகிற ஆள் பேண்ட் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டிருந்ததுதான் தெரிந்தது. பார்வதியம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அந்த ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஸ்கூட்டர் போய்விட்டது.

அண்ணாச்சி பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கத்தவேண்டும் போலவும் இருந்தது, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. அவருக்கு ஐம்பத்தொன்பது வயது, அவளுக்கு ஐம்பத்து நாலு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கேட்டுவிட்டாலோ அவள் ஏதாவது சொல்லித் தப்பிவிடுவாள். மேல்மூட்டையைக் காட்டுகிறவனிடம் கேள்வி கேட்டுப் பிரயோசனம் இல்லை, அடிமூட்டையைத்தான் இழுக்கவேண்டும் என்பது அவர் தொழில் பாடம். அதனால் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போது மட்டும் அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார்.

"என்ன, சாம்பார்ல உப்பு கூடவா?" என்பார் பார்வதியம்மாள்.

"ஒண்ணுமில்ல."

சித்திரையில் ஒரு சாயங்காலம் பார்வதியம்மாளே பேச்சை எடுத்தார். "திண்டுக்கல்லுல எங்க சித்தி மக வீடு கட்டிப் பால் காய்ச்சுதா. மே தினத்துக்கு முந்தின நாளு. போயிட்டு, மறுநாள் அந்த மலைக்கோட்டையையும் பாத்திட்டு வருவோமா?"

"கோட்டையா? இந்த வெயில்லயா? ஒனக்குக் கோட்டை மேல எப்பத்துல இருந்து ஆசை?"

"ஏன், ஆசைப்படக் கூடாதா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் முந்தின நாள் குளியலறையில் இருந்தபோது காதில் விழுந்த ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. பார்வதியம்மாள் போனில் தணிந்த குரலில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். "அவரு அறியண்டா. மே ஒண்ணாம் தியதி மேலே வச்சு காணாம்." அவருக்குத் தெரியவேண்டாம், மேலே சந்திக்கலாம். மேலே என்றால் எங்கே என்று அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்கியது.

"போவோம்" என்றார் அண்ணாச்சி. அவர் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில் பார்வதியம்மாளுக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

மே தினம் என்றால் ஆரியசாலையில் ஒரு மூட்டை அசையாது. கடை அடைப்பு. முந்தின நாளுக்கு மட்டும் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினார்கள். பால் காய்ச்சும் வீட்டில் அண்ணாச்சி சம்பிரதாயமாகச் சாப்பிட்டு, சம்பிரதாயமாகச் சிரித்தார். மறுநாள் காலையில் உறவுக்காரர்கள் வற்புறுத்தி நிறுத்திப் பலகாரம் போட்டதில் தாமதமாகிவிட்டது. மலையடிவாரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஊர் நடுவில் மொட்டைப் பாறை ஒன்று கவிழ்த்துப் போட்டது மாதிரி நிற்கும். அதன் தலையைச் சுற்றிக் கோட்டை மதில். டிக்கெட் எடுக்கும் இடத்தில் போனில் பணம் கட்டச் சொன்னார்கள். அதற்காக ஒட்டியிருந்த க்யூ.ஆர். சதுரத்தை அண்ணாச்சி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இதுக்கு மேல வேற எவனும் ஒட்டிட்டுப் போகலேன்னு என்ன நிச்சயம்?" பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பார்வதியம்மாள் தன் போனை நீட்டி வேலையை முடித்தார். அவருக்கு அது தெரியும் என்பதே அண்ணாச்சிக்குப் புதுச்செய்தி.

அதன் பிறகுதான் அது நடந்தது. பார்வதியம்மாள் ஒரு கல்லில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்த நீல ஷூவை எடுத்தார். தடித்த காலுறை ஒன்றை மாட்டி, ஷூவுக்குள் காலை விட்டு, கயிற்றை இழுத்து முடிந்தார். சேலையைக் கணுக்கால் தெரிய உயர்த்திச் செருகிக்கொண்டார்.

"இது யாருது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"என்னுதுதான்."

"பெருசா இருக்கே."

"மலையேறுததுக்கு ஒரு அளவு பெருசாத்தான் வாங்கணுமாம். எறங்கும்போ விரல் இடிக்காது."

"யாரு சொன்னா?"

"தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஷூ விஷயம் தீர்ந்தது. ஆனால் அதைச் சொல்லிக்கொடுத்த தெரிஞ்சவங்க யார் என்ற புதுக்கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பாறையில் வெட்டிய படிகள் ஆரம்பத்தில் தாழ்வாகத்தான் இருந்தன. பார்வதியம்மாள் அவசரப்படவும் இல்லை, நிற்கவும் இல்லை. மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விட்டபடி, ஒரே சீராக ஏறினார். இந்தப் பெண்பிள்ளை கரமனை வீட்டு மாடிப்படி ஏறும்போதே முழங்காலைப் பிடித்துக்கொள்வாளே என்று அண்ணாச்சி யோசித்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு, குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். மேலே இருந்த வெயிலைக் குடை தடுத்தது. கீழே பாறையிலிருந்து எழும்பிய சூட்டுக்கு என்ன செய்வது?

அவர் கண் படியில் இல்லை. எதிரே வருகிற, பக்கத்தில் போகிற ஒவ்வொரு ஆணின் மேலும் இருந்தது. கல்லூரிப் பையன்கள் கூட்டம் ஒன்று கூச்சல்போட்டுக்கொண்டு போனது, அவர்கள் இல்லை. கேமராவோடு ஒருவன், கூடவே மனைவியும் கைக்குழந்தையும், அவனும் இல்லை. கொஞ்சம் மேலே மதில் நிழலில் கோடுபோட்ட சட்டைக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும், தலைக்குச் சாயம் பூசியிருந்தார். பார்வதியம்மாள் அவரைத் தாண்டியபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். ஷூவைப் பார்த்தார். லேசாகச் சிரித்த மாதிரியும் இருந்தது.

அண்ணாச்சி நேரே அவர் முன்னால் போய் நின்றார். "உங்களுக்கு எந்த ஊரு?"

"பழனி. ஏன் சார்?"

"இங்க யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"என் சம்சாரத்துக்காகத்தான். அது மேலே போயிருச்சு. என்னால இதுக்கு மேல முடியல, உக்காந்துட்டேன்." அவர் பேர் திரவியம் என்றும், நெஞ்சு படபடத்ததால் பாதியில் நின்றுவிட்டதாகவும் சொன்னார். அண்ணாச்சி நம்பவில்லை. அந்தச் சம்சாரத்தின் பேரைக் கேட்டார், என்ன நிறச் சேலை என்றும் கேட்டார். திரவியம் முதலில் பதில் சொல்லிவிட்டு, பிறகு, "நீங்க போலீஸா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அண்ணாச்சி வாயைத் திறந்தபோது படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தன. காதுக்குள் இரைச்சல். குடை கையிலிருந்து நழுவிப் பாறையில் உருண்டது. விழுவதற்குள் திரவியம் எழுந்து அவர் அக்குளைத் தாங்கிப் பிடித்தார். "அம்மா! ஏம்மா, கொஞ்சம் நில்லுங்க!"

பார்வதியம்மாள் இறங்கி ஓடிவந்தார். இரண்டு பேருமாக அவரைப் பக்கத்தில் கல்லால் கட்டியிருந்த அறை ஒன்றுக்குள் கொண்டுபோனார்கள். ஒருகாலத்தில் படைவீரர்கள் தங்கிய அறையாக இருக்கலாம். வாசலுக்குக் கதவில்லை. உள்ளே மட்டும் குளிர்ச்சி. பார்வதியம்மாள் முந்தானையை நனைத்து அவர் பிடரியில் வைத்தார், சட்டைப் பொத்தானைக் கழற்றினார். உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரை எடுத்து, "ஒரே மடக்கா குடிக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா" என்றார். உப்புத் தண்ணீரைக் கலந்து கொண்டுவந்திருக்கிறாள் என்பதையும் அண்ணாச்சி கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போது மேலேயிருந்து படிகளில் குதித்துக் குதித்து யாரோ வந்தார்கள். பேண்ட், சட்டை, கழுத்தோடு வெட்டிய முடி. வாசலில் வந்து நின்று, மேல்பக்கம் திரும்பி, "ஞான் கண்டு, சேச்சி இவிடெ உண்டு!" என்று, அக்கா இங்கேதான் இருக்கிறார் என யாருக்கோ மலையாளத்தில் குரல் கொடுத்தபோது, அந்த முதுகை அண்ணாச்சி அடையாளம் கண்டுகொண்டார். ஆற்றுப்பாலத்து ஸ்கூட்டரில் பார்த்த முதுகு. திரும்பிய முகம் முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் முகம்.

"சேச்சி, என்ன ஆச்சு? சேட்டனுக்கு மயக்கமா?"

"வெயில் அடிச்சிட்டு, சுமி. இப்பம் பரவாயில்ல."

அண்ணாச்சி அந்தப் பெண்ணையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாரு?"

"சுமி டீச்சர். ஸ்கூல்ல வெளையாட்டு சொல்லிக் குடுக்காங்க. மேல நம்ம ஊர்ப் பொம்பளைங்க எட்டுப் பேரு வந்திருக்காங்க, வேன்ல."

"எதுக்கு?"

பார்வதியம்மாள் பாட்டிலை மூடி, திருகி, மறுபடி திறந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அவர் பிறந்தது விக்கிரமசிங்கபுரம். அப்பாவுக்கு அங்கே மில்லில் வேலை. தினமும் பல் துலக்குகிற இடத்திலிருந்தே பொதிகை மலை தெரியும். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து பல வருஷம் கழித்துத்தான், இங்கே அகஸ்தியர்கூடம் என்று சொல்லுகிறதும் அதே மலைதான் என்று யாரோ சொன்னார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வாழ்கிறோம், நடுவில் இருப்பதை ஒருநாளும் பார்த்ததில்லையே என்று தோன்றிவிட்டது. சில வருஷங்களாகப் பெண்களையும் ஏறவிடுகிறார்கள். மாவு வாங்க வந்த சுமி டீச்சர், ஒரு கூட்டம் சேர்ப்பதாகச் சொன்னார். காலையில் ஸ்டேடியத்துப் படிகளில் ஏறி இறங்கப் பழகினார்கள். வெயிலில் பாறை ஏறிப் பார்க்கவேண்டும் என்று இந்த விடுமுறையில் இங்கே வந்திருக்கிறார்கள். இதை முடித்தவர்கள்தான் தை மாதம் அகஸ்தியர்கூடம் போகலாம்.

"அப்பம் கோயிலு?"

"போகல. பொய்தான் சொன்னேன்."

"ஷூ?"

"அனுஷா அனுப்பினா."

மகளுக்கும் தெரியும். அண்ணாச்சிக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. "எங்கிட்ட மட்டும் சொல்லல. ஏன்?"

"சொன்னா நம்பியிருப்பியளா?" பார்வதியம்மாள் குரலை உயர்த்தவில்லை. "மலை ஏற ஆசைன்னு சொன்னா, எதுக்கு ஆசை, யாரு தூண்டிவிட்டா, அந்த டீச்சருக்கு இதுல என்ன லாபம், கூட வாரவ யாரு, அவ புருஷன் யாருன்னு ஒரு மாசம் குத்திக் குத்திப் பாத்திருப்பிய. கடைசியில எனக்கே அந்த ஆசை மேல சந்தேகம் வந்திருக்கும். ஒரு காரியமாவது யாரும் குத்திப் பாக்காம எங்கிட்ட இருக்கட்டும்னு நெனச்சேன்."

திரவியம் வெளியே போய் நிற்கலாமா என்று யோசிப்பவர் போல வாசலைப் பார்த்தார். சுமி தரையைப் பார்த்தாள்.

"நீங்க என்ன நெனச்சியன்னும் எனக்குத் தெரியும்" என்றார் பார்வதியம்மாள். "அந்தச் சிலிண்டரை நீங்க திருப்பி வைக்கும்போ வேற பக்கமா வச்சுட்டிய. பாலத்துல உங்க சட்டையும் தெரிஞ்சுது. நீங்களா கேப்பியன்னு தெனமும் பாத்தேன். கேக்கவே இல்ல. உங்க கண்ணு முன்னாலயே ஏறிக் காட்டணும்னுதான் உங்களயும் கூட்டிட்டு வந்தேன்."

அண்ணாச்சியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரில் யாரோ கரியால் கிறுக்கிய பேர்களைப் பார்த்தார்.

"சேச்சி, இன்னைக்கு விட்டிடலாம்" என்றாள் சுமி. "சேட்டன் கூட இருங்க. பின்னே ஒரு நாள் பாக்கலாம்."

பார்வதியம்மாள் கணவனின் நாடியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பாட்டிலை அவர் கையில் வைத்தார். "இப்பம் உங்களுக்கு ஒண்ணுமில்ல. இந்த நெழலை விட்டு அசையாதீங்க. நான் மேல போயிட்டு வாரேன்." திரவியத்திடம், "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றார்.

போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தை விட்டு நகராதவர். ஷூவின் சத்தம் ஒரே சீராக மேலே ஏறித் தேய்ந்தது.

முதலில் வந்தது கோபம். அது அதிக நேரம் நிற்கவில்லை. பிறகு, நிஜமாகவே இத்தனை பெண்கள் மேலே இருக்கிறார்களா, இல்லை இதுவும் ஒரு கதையா என்று பழைய புத்தி தலைதூக்கியது. எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். உச்சி மதிலுக்கு மேலே நாலைந்து தலைகள், ஒரு மஞ்சள் துப்பட்டா காற்றில் பறந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு பச்சைச் சேலை வந்து சேர்ந்தது. கூச்சலும் கைதட்டலும் கேட்டன. பச்சைச் சேலை பார்வதிதான். அவள் சிரிக்கிறாளா என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

"உங்க வீட்டம்மாவுக்கு நல்ல தெம்பு" என்றார் திரவியம்.

"ஆமா" என்றார் அண்ணாச்சி. சற்றுக் கழித்து, "உங்கள அப்படியெல்லாம் கேட்டிருக்கக் கூடாது" என்றார். திரவியம் தன் தண்ணீரை நீட்டினார். அண்ணாச்சி மூடியைத் திறந்து, பழக்கத்தில் ஒருதரம் மோந்துவிட்டு, வெட்கப்பட்டுக் குடித்தார்.

ரயிலில் திரும்பி வரும்போது, நாகர்கோவில் தாண்டியபிறகு அண்ணாச்சி, "மேல என்ன இருந்துது?" என்று கேட்டார்.

"சாமி இல்லாத ஒரு கோயிலு. பீரங்கி. நல்ல காத்து. கீழ ஊர் முழுக்கத் தெரிஞ்சுது."

அவர் துணைக்கேள்வி கேட்கப்போகிறார் என்று பார்வதியம்மாள் காத்திருந்தார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மாற்றம் அன்றோடு முழுசாக வந்துவிடவில்லை. ஆவணியில் சுமி டீச்சர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து வாசல்வரை போய், அப்படி ஒரு டீச்சர் உண்டா என்று காவலாளியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதைத் தானே சொன்னார். பார்வதியம்மாள் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சிரித்துவிட்டார். மழை விட்ட பிறகு ஸ்டேடியத்துக்குப் போகிற நாட்களில் வாசல் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டது அண்ணாச்சிதான்.

தையில் காட்டிலாகா அனுமதி கிடைத்தது. மலையடியில் உள்ள போணக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மற்றப் பெண்களோடு வரிசையில் நின்ற மனைவியைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி தனியாக ஊர் திரும்பினார். மூன்றாம் நாள் மறுபடி போய்க் காத்திருந்தார். வெயில் சாய்கிற நேரத்தில் அவர்கள் காட்டுப்பாதையிலிருந்து வெளியே வந்தார்கள். பார்வதியம்மாளின் காலில் அட்டை கடித்த இரத்தம் காய்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அங்ஙன நின்னு பாத்தா காரையார் அணை தெரியுது. எங்க ஊர் பக்கம் முழுக்க வெயிலு. இந்தப் பக்கம் மேகம்" என்பதுதான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கணவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வளைவுகளில் அவள் தலை நழுவாமல் அண்ணாச்சி கையை முட்டுக்கொடுத்தபடி மலைப்பாதை முடிகிற விதுரை வரை வந்தார்.

செய்தி ஆரியசாலைக்கும் எட்டியது. மறுநாள் லாரிக்காகக் காத்திருந்தபோது, தாசையன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, கோவிச்சுக்கப்படாது. அது பெரிய மலையாக்கும். கயிற்றப் பிடிச்சு ஏறணும். அண்ணியார் உச்சிவரைக்கும் போயிருப்பாங்களா? பாதியில கூடாரத்துல இருந்திட்டுத் திரும்பியிருந்தா நமக்கு எப்படித் தெரியும்? ஃபோட்டோ ஏதும் உண்டா?"

"ஃபோட்டோ இல்ல. மழைக்குப் பயந்து போனையெல்லாம் கூடாரத்துலயே வச்சிட்டுப் போனாகளாம்."

"அப்பம் அதுக்கு என்ன சாட்சி?"

"அவ போனேன்னு சொன்னா" என்றார் அண்ணாச்சி. லாரி தெருமுனையில் திரும்பியது. அவர் எழுந்து போய், டிரைவர் காட்டிய மூட்டையை விட்டுவிட்டு அடிமூட்டையை இழுக்கச் சொன்னார்.